புதுப்பிப்பு: டர்பனிலிருந்து கப்பலில் டிரோன் கொண்டுபோனேன்

டர்பனிலிருந்து கேப் டவுன் போகும் உல்லாசக் கப்பலில் சிறிய டிரோன் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. கைகொடுத்தது, "முன்கூட்டியே கப்பல் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்" என்ற யோசனைதான். நிறுவனம் அனுப்பிய பதிலை அச்செடுத்துக் காட்டினேன். ஏறும்போது டிரோனை வாங்கி, பெயர்ச்சீட்டுக் கட்டி வைத்துக்கொண்டார்கள், இறங்கும்போது கொடுத்தார்கள். பேட்டரி முனைகளில் ஒட்டுநாடா ஒட்டச் சொன்னவருக்குத் தனி நன்றி. சோதனையில் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

எதிர்பாராதது ஒன்று: கேப் டவுனின் டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவில் டிரோனுக்குத் தடை. தென்னாப்பிரிக்காவின் மற்ற தேசியப் பூங்காக்களிலும் அப்படியே. அம்மாவுக்கு அந்த மலையை மேலிருந்து காட்ட ஆசைப்பட்டிருந்தேன், மனம் வாடிவிட்டது. வெளியிலும், அனுமதியில்லாமல் ஆட்கள், கட்டடங்களிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளும் பறக்கவிடக் கூடாது. கடைசியில் ஊருக்கு வெளியே தெரிந்தவர் திராட்சைத் தோட்டத்தில், அவரைக் கேட்டுக்கொண்டு பறக்கவிட்டேன். கொடி வரிசைகளைத் திரையில் பார்த்து அம்மா கைதட்டினார்.