ஆர்எக்ஸ் 100: ஓராண்டில் மூன்று ஆயில் சீல் மாற்றியும் இடது ஃபோர்க்கில் கசிவு

உப்பளத்தான்:
வணக்கம். அப்பாவின் 1991 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். வேதாரண்யத்தில் வீட்டுக்கும் உப்பளத்துக்குமாகவே ஓடிய வண்டி. அவர் காலமான பிறகு ஆறு ஆண்டுகள் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. போன சித்திரையில் எடுத்து ஓட்டத் தொடங்கினேன். அன்றிலிருந்து முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் கால்களில் இடதுபக்கக் கால் எண்ணெய் கசிந்து அழுதுகொண்டே இருக்கிறது.

இரண்டு முறை பட்டறையில் கொடுத்து சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் அடைப்பு) மாற்றினேன். மூன்றாவது முறை நானே மாற்றினேன். பதினெட்டு நாள்தான் தாங்கியது. நேற்றுக் காலை பார்த்தால் ஃபோர்க்கின் குரோம் குழாயில் எண்ணெய் வளையம். வழிந்து பிரேக் டிரம் வரை வந்துவிட்டது. சீலின் சுருள்கம்பி தெரியும் பக்கத்தைக் கீழ்நோக்கித்தான் வைத்தேன். ஆயிலை மட்டும் அளந்து ஊற்றவில்லை, கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். கடையில் கிடைக்கும் சீல் எல்லாமே போலிதானா?

மழைவழிப்பயணி:
கெட்டியான ஆயில் ஊற்றிப் பாருங்கள். என் வண்டியில் அதோடு நின்றுவிட்டது.

குடந்தைப் பட்டறை:
கெட்டி ஆயில் கசிவை நிறுத்தாது, மெதுவாக்கும். அதற்குக் கூலியாக ரோட்டுப் பள்ளத்தையெல்லாம் உங்கள் மணிக்கட்டு வாங்கும். அந்த யோசனையை விடுங்கள்.

தம்பி, முதலில் பிரேக் டிரம்மைத் திறந்து பாருங்கள். உள்ளே பிரேக் பிடிக்கும் ஷூவில் எண்ணெய் ஊறியிருந்தால் புது ஷூ போடும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மூன்று சீலும் போலியாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. உப்புக்காற்றில் ஆறு ஆண்டு நின்ற வண்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூசி மூடியை மேலே தள்ளிவிட்டு, குழாயைத் துடைத்து, முன்பக்கமாக நகத்தால் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். நகத்துக்குப் பிடிபடாவிட்டால் பஞ்சை உருட்டித் தேயுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே குரோம் பொரிந்து துரு ஏறியிருக்கிறது. சீலின் ரப்பர் உதடு அந்தக் குழியின் விளிம்பில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை உரசுகிறது. எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் அந்த இடத்தில் கிழியத்தான் செய்யும்.

எல்லாக் குழியும் பகை இல்லை. குழாயில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, அவுட்டரின் (குழாய் நுழைந்திருக்கும் வெளி உறை) வாயில் உட்காரவைத்து, வழக்கமாகப் போகும் சாலையில் ஒரு நடை போய் வாருங்கள். வளையம் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறதோ அதுவரைதான் சீல் போய்வருகிறது. அதற்கு மேலே இருக்கும் துருவை மறந்துவிடலாம். கீழே கடுகளவில் சில குழிகள் இருந்தால் துருவைச் சுரண்டி, பெட்ரோலில் துடைத்து, அரால்டைட் (எபாக்சி பசை) அப்பி ஒரு நாள் இறுகவிடுங்கள். பிறகு 1000 எண் உப்புத்தாள், அடுத்து 2000, இரண்டையும் தண்ணீர் தொட்டு, குழாயைச் சுற்றிவரத் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் பொரிந்திருந்தால் ஹார்ட் குரோம் (கடினமான குரோம் முலாம்) ஏற்றிப் பழைய அளவுக்கே கிரைண்டிங் செய்ய வேண்டும், அல்லது குழாயையே மாற்ற வேண்டும். சைலன்சருக்குப் போடும் பளபளப்பு முலாமைப் பூசித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அது உரிந்து சீலை அறுக்கும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தீர்களா? அவுட்டர் அலுமினியம், உள்சுவரில் கீறல் விழுந்தால் எண்ணெய் சீலுக்கு வெளிப்புறமாக ஏறிவிடும். குழாயில் வளையமாகக் கசிந்தால் உதட்டில் கோளாறு, சீலின் வெளிவிளிம்பில் ஊறினால் கீறல். நீங்கள் வளையம் என்கிறீர்கள், அதனால் எனக்குக் குழாய் மேல்தான் சந்தேகம்.

தாராளமாக ஊற்றியதும் தவறு. ஃபோர்க்கின் மேற்பகுதியில் காற்றுக்கு இடம் வேண்டும். எண்ணெய் அதிகமானால் அமுங்கும்போது காற்று நெருங்கி, எண்ணெயை சீல் வழியாக வெளியே தள்ளும். கையேட்டில் உள்ள அளவைக் குப்பியில் அளந்து ஊற்றுங்கள். இரண்டு கால்களையும் சேர்த்தே செய்யுங்கள், ஒற்றைக் கால் வைத்தியம் வேண்டாம்.

உப்பளத்தான்:
நீங்கள் சொன்னதுதான், ஐயா. அவுட்டர் வாயிலிருந்து நான்கு விரற்கடை மேலே, முன்பக்கத்தில் பதினொரு குழிகள். பஞ்சு பிய்த்துக்கொண்டு நின்றது. இடது காலில் வலதைவிட 60 மில்லி எண்ணெய் அதிகமாக இருந்தது, வெட்கமாக இருக்கிறது. பிரேக் ஷூ நனையவில்லை.

இப்போது ஃபோர்க்கின் அடியில் உள்ள அலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) கழலவில்லை. திருகினால் உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றுகிறது.

குடந்தைப் பட்டறை:
ஸ்ப்ரிங்கை வெளியே எடுத்துவிட்டீர்கள், சரியா? திரும்பப் போட்டு மேல்மூடியை இறுக்குங்கள். ஒருவர் ஃபோர்க்கைச் சுவரில் அழுத்திப் பிடிக்கட்டும். ஸ்ப்ரிங் தண்டை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அலன் கீயை வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுங்கள். மாட்டும்போது அந்த போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போடுங்கள்.

புது சீலை இறக்குமுன் குழாயின் மேல்முனையில் பால் கவர் சுற்றி எண்ணெய் தடவுங்கள், உதடு கிழியாது. பழைய சீலை மேலே வைத்து, அளவான பிவிசி குழாயால் தட்டுங்கள். சர்க்ளிப் (சீலைப் பிடித்துவைக்கும் கம்பி வளையம்) உட்காரும் காடி முழு வட்டமாகத் தெரியும்வரை தட்ட வேண்டும். சக்கரம் மாட்டியதும் ஆக்சிலை (சக்கர அச்சை) இறுக்காமல் ஃபோர்க்கை ஐந்தாறு முறை அமுக்கி எழுப்பிவிட்டுப் பிறகு முடுக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு காலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

உப்பளத்தான்:
நாற்பது நாள், 600 கிலோமீட்டர் ஆயிற்று. அரால்டைட் அடைத்த இடத்தை நகத்தால் தேடினாலும் அகப்படவில்லை. இடது பக்கம் காய்ந்து கிடக்கிறது.

இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னீர்கள், நான் வலதைத் தொடவில்லை. இன்று காலை அங்கே ஈரம். பால் கவர் எடுத்து வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன்.