ரெண்டு வயது தாண்டியும் பேச்சு சரியாக வரவில்லை, மலையாளம் கேட்பதை நிறுத்த வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் (ஆந்திரா சித்தூரா என்று ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பார்கள், இல்லை). வீட்டில் தமிழ்தான். பையனுக்குப் போன மாதம் ரெண்டு வயது முடிந்தது. அம்மா, அப்பா, பால், வா, தா, காக்கா, ஆட்டுக்கு "மே", போச்சு, டாட்டா என்று விரல்விட்டு எண்ணினால் பன்னிரண்டு வார்த்தை வருகிறது. பொள்ளாச்சியில் இருக்கும் என் நாத்தனார் மகள் இவனைவிட ரெண்டு மாதம் சின்னவள், போனில் "அத்தை சாப்ட்டியா" என்று கேட்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன், விடிகாலையிலேயே போய்விட வேண்டும். வீட்டுக்காரர் தேங்காய் லாரி, வாரத்தில் நாலு நாள் வெளியூர். மாமியாருக்கு முட்டி வலி, ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட முடியாது. அதனால் மதியம் வரை பக்கத்து வீட்டுச் சேச்சிதான் பார்த்துக்கொள்கிறார். அவருக்குத் தமிழ் புரியும், ஆனால் பேசுவது மலையாளம் மட்டும்.

போன வாரம் சளிக்குக் காட்டப் போன இடத்தில் ஒரு டாக்டர், ரெண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும், ஒன்றை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வீட்டில் தினமும் இதே பேச்சு. "அவகிட்ட விடாதே" என்கிறார் மாமியார். சேச்சியை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது, அதோடு அவர் இவனைத் தன் பேரன் மாதிரி வைத்திருக்கிறார், எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

சொல்வது எல்லாம் இவனுக்குப் புரிகிறது. செருப்பு எடுத்து வா என்றால் எடுத்து வருவான், வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுவான், பெயர் சொன்னால் திரும்புவான் (சில சமயம் ரெண்டு மூன்று தடவை கூப்பிட வேண்டும்). சளி அடிக்கடி பிடிக்கும். மொபைல் சோறு ஊட்டும்போது மட்டும், இங்கிலீஷ் பாட்டு. "மட்டும்" என்கிறேன், மூன்று வேளையும் கூட்டினால் ரெண்டு மணி நேரம் வரும், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

வேலந்தாவளம் தாத்தா:

கண்ணு, ஒன்றும் பயப்படாதே. எங்கள் மூத்தவன் மூன்றரை வயது வரை வாயே திறக்கவில்லை, இப்போது அவனை நிறுத்தத்தான் ஆள் வேண்டும். ஆம்பளைப் பிள்ளைகளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவு, கூடவே தங்கத்தைத் தேனில் இழைத்து வை. எங்கள் காலத்தில் எல்லாம் இதுதான்.

கோவை பேச்சுப் பயிற்சியாளர்:

நான் பதினாறு வருடமாக ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன், எல்லைப் பக்கப் பிள்ளைகள் நிறைய வருவார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தாத்தாவுக்கு. ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், பேச்சு நாக்கில் உற்பத்தி ஆவதில்லை. காது கேட்டு, மூளை பிரித்தறிந்து, பேச ஒரு காரணமும் பேச ஓர் ஆளும் இருந்தால் வருவது அது. வசம்பு தடவி அதைக் கூட்ட முடியாது, தேனோ ஒரு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. உங்கள் மகன் தாமதமாகத் தானாகவே பேசிவிட்டான், சந்தோஷம். அப்படிப் பேசிவிடும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எதற்கு உதவி தேவைப்படும் என்று ரெண்டு வயதில் முகத்தைப் பார்த்து என்னாலேயே சொல்ல முடியாது. ஆண் பிள்ளைகள் கொஞ்சம் பிந்துவது உண்மைதான், அது சில மாதக் கணக்கு, வருடக் கணக்கு இல்லை.

இனி அம்மாவுக்கு. ரெண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. இதை எத்தனையோ நாடுகளில் எத்தனையோ மொழி ஜோடிகளில் பார்த்துவிட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளே ரெண்டு மொழியைச் சமாளிக்கிறார்கள். ஒன்றை நிறுத்து என்பது பழைய அறிவுரை, இன்னும் சிலர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு நிலவரத்தில் அது நேர் எதிராகவே வேலை செய்யும், ஏனென்றால் ஒரு நாளில் அவனிடம் உட்கார்ந்து அதிகம் பேசுகிற ஆள் சேச்சிதான். அவர் வாயை மூடினால் பிள்ளைக்கு மிஞ்சுவது மொபைல்.

நீங்கள் எண்ணிய பன்னிரண்டு தமிழ் வார்த்தைகள்தானே? சேச்சியிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். அவன் அங்கே சொல்வதையும் எழுதட்டும். ரெண்டு மொழியையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். "மே" வார்த்தைதான், மழலையாக உடைத்துச் சொன்னாலும் ஒரே பொருளுக்கு ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதுவும் வார்த்தைதான். ரெண்டு வயதில் சுமார் 50 வார்த்தை, ரெண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்வது, இதுதான் நாங்கள் வழக்கமாக வைத்திருக்கும் அளவுகோல்.

வீட்டில் என்ன செய்வது? எல்லாத் தாய்மாரும் செய்வது பரீட்சை. "இது என்ன சொல்லு, இது என்ன கலர் சொல்லு, அத்தைக்கு ஏ பி சி டி சொல்லு." பெரியவர்களுக்கே அப்படிக் கேட்டால் வாய் கட்டிப்போகும். கேள்வியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள். குளிக்க வைக்கும்போது "தண்ணி ஊத்தறேன், சோப்பு போடறேன், வழுக்குது, வழுக்குது" என்று சின்னச் சின்ன வாக்கியமாக, கொஞ்சம் ராகம் இழுத்து. குழந்தையிடம் இழுத்துக் கொஞ்சிப் பேசினால் பேச்சு கெடும் என்பார்கள், கெடாது, அந்த ராகம்தான் அவன் காதை இழுக்கும்.

பெயர்ச்சொல்லாகவே சொல்லிக்கொடுக்காதீர்கள். யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று சுவரில் படம் மாட்டுகிறார்கள், கொழிஞ்சாம்பாறையில் ஒட்டகச்சிவிங்கியை வைத்து அவன் என்ன செய்வான்? அவனுக்குத் தேவை தா, வேணாம், தூக்கு, இன்னும், திற, இல்ல. "போச்சு" ஏற்கெனவே இருக்கிறது என்கிறீர்கள், அது தங்கமான வார்த்தை. பஸ் போச்சு, கரண்டு போச்சு, காக்கா போச்சு, பால் போச்சு. நம் மொழியில் வினை கடைசியில் வந்து காதில் தெளிவாக விழும், அதனால் ரெண்டு வார்த்தை வாக்கியத்துக்கு இது நல்ல வாசல். அவன் "பஸ்" என்றால் நீங்கள் "பஸ் போச்சு" என்று ஒரு வார்த்தை மட்டும் கூட்டிச் சொல்லுங்கள். திருப்பிச் சொல் என்று வற்புறுத்தக் கூடாது.

அப்புறம் காத்திருப்பது. இதுதான் கஷ்டம். கை நீட்டியதுமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், அவனுக்கும் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. பிஸ்கட்டை இறுக்கமான டப்பாவில் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். "திற" என்று வரலாம், "ம்" என்று மட்டும் வரலாம், எது வந்தாலும் உடனே திறந்துவிடுங்கள். அழ வைக்கிற அளவுக்குப் போக வேண்டாம், அது வேறு விளையாட்டாகிவிடும். வாழைப்பழமா பிஸ்கட்டா என்று ரெண்டையும் காட்டிக் கேட்பதும் நல்லது. கைவீசும் பாட்டில் கடைசி வார்த்தையை விட்டுவிட்டு நிறுத்திப் பாருங்கள், ஒரு நாள் அவன் நிரப்புவான்.

மொபைல் பற்றி நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, ரெண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று. பாட்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. சோறு ஊட்டும் நேரம்தான் அவன் உங்கள் முகத்துக்கு நேராக அசையாமல் உட்காரும் நேரம், அதைக் கொண்டுபோய் மொபைலுக்குக் கொடுக்கிறீர்கள். பாட்டி, அப்பாவோடு வீடியோ கால் பேசுவது இந்தக் கணக்கில் வராது.

சளி அடிக்கடி, கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புகிறான் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. காதைச் சோதியுங்கள். பேச்சு பிந்துகிற எந்தப் பிள்ளைக்கும் முதல் வேலை இதுதான்.

நகரி நெசவாளி:

நாங்கள் ஆந்திரா எல்லை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. என் மகள் ரெண்டரை வயதில் "அம்மா, பாலு காவாலி (பால் வேணும்), சீக்கிரம்" என்பாள், பாதி அது பாதி இது. என் அம்மா தலையில் அடித்துக்கொள்வார். இப்போது ஏழு வயது, யாரிடம் எது பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், கடையில் பேரம் பேச நான் அவளைத்தான் கூட்டிப் போகிறேன்.

மீனாட்சிபுரம் அக்கா:

தங்கச்சி, தெரபிஸ்ட் சொன்ன கடைசி வரியை விட்டுவிடாதே. என் சின்னவனுக்கு இதேதான். மாதம் ஒரு சளி, டிவியைப் பக்கத்தில் போய் நின்று பார்ப்பான், கூப்பிட்டால் ஒரு நாள் திரும்புவான், ஒரு நாள் திரும்ப மாட்டான், நாங்கள் திமிர் என்று நினைத்து ரெண்டு அடிகூடப் போட்டோம் (இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது). கடைசியில் பார்த்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது. சீழ் வடியாது, வலியும் பெரிதாக இருக்காது, அதனால் வெளியே தெரியாது. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு வெளியே பேசுவதைக் கேட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் கேட்குமாம். ரொம்பப் பேருக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும் என்று சொல்லி, பொறுத்திருந்து மறுபடி பார்த்தார்கள், இவனுக்கு வற்றிவிட்டது. அதற்கப்புறம் பேச்சு மளமளவென்று வந்தது.

பிறந்தபோது காது டெஸ்டில் பாஸ், அப்புறம் ஏன் என்று இருந்துவிடாதே, இது பிறகு வருவது. செலவுக்கும் பயப்பட வேண்டாம். உங்கள் அங்கன்வாடி டீச்சரிடமோ ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடமோ சொல், 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள், வளர்ச்சித் தாமதமும் அதில் சேர்த்தி. அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், அங்கே காது சோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

ஒன்பது நாள் ஆயிற்று, மன்னிக்கவும், நோட்டு நிரம்பட்டும் என்று இருந்தேன்.

சேச்சி எழுதியதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூச்ச, பட்டி, வெள்ளம், மதி, ஆன, இவிடெ, உம்ம... தமிழோடு கூட்டினால் 33 ஆகிறது. இதில் "பட்டி" பெரிய கதை. மலையாளத்தில் நாய். அவன் வாசலில் நின்று நாயைப் பார்த்துப் "பட்டி, பட்டி" என்று கத்த, என் மாமியார் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று மூன்று மாதமாக "என்ன சாமி" என்று ஓடி ஓடி வந்திருக்கிறார். இப்போது உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டுக்காரரும் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

முந்தாநாள் ராத்திரி டம்ளரைத் தள்ளிவிட்டு "வெள்ளம் மதி" என்றான். தண்ணீர் போதும் என்று. ரெண்டு வார்த்தை! நான் அதுவரை தமிழுக்கு மட்டுமே காது வைத்திருந்ததால் முன்னாலும் சொல்லியிருப்பானோ என்னவோ. மாமியார் உள்ளே இருந்து "எங்கே வெள்ளம், மூலத்தறை அணையில் தண்ணி திறந்துட்டாங்களா" என்று கேட்டார்.

மொபைலை ராத்திரிச் சோற்றுக்கு நிறுத்திவிட்டேன். முதல் மூன்று நாள் தட்டு பறந்தது. காலையும் மதியமும் இன்னும் முழுதாக நிற்கவில்லை, சேச்சியிடமும் சொல்லியிருக்கிறேன். ஆஷா வந்து எழுதிக் கொடுத்துவிட்டார், அடுத்த புதன் காது சோதனை. தலையில் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்களாம், தூங்கினால்தான் முடியும் என்கிறார்கள். இவன் பகலில் தூங்குவது அபூர்வம், என்ன செய்வது?

கோவை பேச்சுப் பயிற்சியாளர்:

33 நல்ல செய்தி, "வெள்ளம் மதி" அதைவிட நல்ல செய்தி. ஆனாலும் 50 இல்லை, அதனால் சோதனையை ரத்து செய்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வது பெரா சோதனை, வலி கிடையாது, சத்தத்துக்கு மூளை நரம்பு எப்படிப் பதில் கொடுக்கிறது என்று பார்ப்பது. ஓ.ஏ.இ. என்று காதில் சின்னக் குழாய் வைத்துப் பார்ப்பதும் இருக்கும், அது சில நிமிடம்தான். நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். அன்றைக்குச் சளி பிடித்திருந்தால் போனதுமே சொல்லிவிடுங்கள். இதற்கிடையில் சொன்ன வார்த்தையை அவன் விட்டுவிடுவது போலத் தெரிந்தால், கை நீட்டிக் காட்டுவது நின்றால், புதன் வரை காத்திருக்க வேண்டாம்.

மீனாட்சிபுரம் அக்கா:

தூக்கத்துக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரி லேட்டாகப் படுக்க வைத்து, காலையில் நாலரைக்கே எழுப்பிவிடு. பஸ்ஸில் மட்டும் தூங்க விட்டுவிடாதே, நாங்கள் அங்கேதான் கோட்டை விட்டோம், பாலக்காடு ஸ்டாண்டு வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டான். எப்போதும் போர்த்திக்கொள்ளும் துணியை எடுத்துப் போ, தலைக்கு எண்ணெய் வைக்காதே, ஒயர் ஒட்டாது. எப்போது கடைசியாகச் சாப்பிடலாம் என்று முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுக்கொள், தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். முடிந்தால் சேச்சியையும் கூட்டிப் போயேன், பாதி நாள் அவரிடம்தானே இருக்கிறான்.