டியூக் வளாகத்து ஒட்டகம்

போன கோடையில் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கும் டர்ஹாமுக்கு வந்திருந்தான். டியூக் பல்கலைக்கழகத்தில் அவனை முதலில் அழைத்துப்போனது சயின்ஸ் டிரைவ் பக்கம்தான். அங்கே ஒரு ஒட்டகமும் அதைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மனிதரும் சிலையாக இருக்கிறார்கள். விலங்கியலாளரும் ஓவியருமான ஜொனாதன் கிங்டன் செய்தது.

"திமில்ல தண்ணி இருக்குன்னு கண்டுபிடிச்சவரா மாமா?"

"இல்லடா, அங்கே இருப்பது கொழுப்பு. ஒட்டகம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று அளந்து பார்த்துச் சொன்னவர் இவர்" என்றேன்.

சிலையில் நிற்கும் அந்த மனிதர், விலங்குகளின் உடல் இயங்கும் விதத்தை ஆராய்ந்த க்னுட் ஷ்மிட்-நீல்சன். நார்வேயில் 1915-இல் பிறந்தவர், 1952-இல் டியூக்குக்கு வந்தார். அடுத்த வருடமே குடும்பத்தோடு அல்ஜீரிய சஹாராவில் பெனி அப்பெஸ் என்ற ஊருக்குப் போய், ஒட்டகங்களை எடை போட்டார், வெப்பநிலை பார்த்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் காலையில் 34 டிகிரி, பிற்பகலில் 40-க்கும் மேல். சூட்டை உடம்பிலேயே ஏற்றிவைத்துக்கொண்டு இரவுக் குளிரில் இறக்கிவிடுகிறது. அந்த அளவுக்கு வியர்வை மிச்சம்.

எனக்கு மிகவும் பிடித்தது முடி வெட்டிய சோதனை. ஒரு ஒட்டகத்தின் ரோமத்தைக் கத்தரித்துவிட்டு வெயிலில் நிறுத்தினால், ரோமம் உள்ளதைவிடப் பாதிக்குப் பாதி அதிகமாகத் தண்ணீரை இழந்தது. அந்த வெயிலில் கம்பளிதான் காப்பு! பெரிய கருவி எதுவும் இல்லாமல், கத்தரிக்கோலும் தராசுமாக இப்படி ஒரு பதிலை வாங்குவது சாதாரண மூளைக்கு எட்டாது.

பையன் அதற்குள் கல்வெட்டை வாசித்துவிட்டான். 'ஒட்டகமே, உன்னைப் பற்றிச் சொல், நான் என்னை அறிந்துகொள்ள' என்று எழுதியிருக்கிறது. "ஒட்டகத்தைக் கேட்டா நம்மளப் பத்தி எப்படித் தெரியும்?" என்றான்.

மூக்கைக் காட்டினேன். பாலைவனத்தில் வாழும் கங்காரு எலியிலும் அப்புறம் ஒட்டகத்திலும் அவர் ஆராய்ந்த விஷயம் அது. உள்ளே போகும் வறண்ட காற்று மூக்கின் உட்சுவரைக் குளிர்விக்கிறது. வெளியேறும் ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு, ஈரத்தில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. நம் மூக்கும் இதையே அரைகுறையாகச் செய்கிறது. சளியே இல்லாவிட்டாலும் கடுங்குளிரில் நமக்கு மூக்கு ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.