புதுப்பிப்பு: ஜன்னல் கிரில் டிசைனில் இணைப்புக் கோடு மறைந்தது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. எங்கள் பகுதி வீடுகளின் ஜன்னல் கிரில்களை வரைந்து துணி டிசைன் ஆக்கினேன்; அதைத் திரும்பத் திரும்ப அடுக்கி அச்சடித்தால் கட்டம் கட்டமாக இணைப்பு தெரிகிறது என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது ஹாஃப் டிராப் யோசனைதான்; அதாவது, டிசைனின் அடுத்த செங்குத்து வரிசையைப் பாதி உயரம் கீழே இறக்கி அடுக்குவது. முதலில் தாளைக் குறுக்கே வெட்டி, மேல் பாதியையும் கீழ் பாதியையும் இடம் மாற்றி ஒட்டி, நடுவில் விழுந்த இடைவெளியை வரைந்து நிரப்பினேன். அப்புறம் நெடுக்காக வெட்டி இடது வலதை மாற்றும்போது, ஒன்றைப் பாதி உயரம் கீழே இறக்கி, வெளியே நீண்ட துண்டை வெட்டி மேலே சேர்த்தேன். இந்த இறக்கம்தான் முக்கியம். அடுத்தடுத்த செங்குத்து வரிசைகள் ஒரே மட்டத்தில் நிற்காததால் கட்டம் கண்ணில் படவில்லை.

எதிர்பாராதது ஒன்று: நேர்கோடு போய், சாய்வாக ஒரு கோடு கிளம்பியது. கிரில் சுருள்கள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்ததே காரணம். சிலவற்றைத் திருப்பி வரைந்ததும் சரியாகிவிட்டது. பல பிரதிகளைச் சுவரில் சேர்த்து ஒட்டி, தள்ளி நின்று பாருங்கள். பக்கத்தில் பார்த்தால் இந்தச் சாய்வுக் கோடு தெரியவே தெரியாது.