ஆர்டர், இருப்பு, கணக்கு மூன்றையும் இணைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் அண்ணனும் நானும் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். உணவகங்கள் எங்கள் இணையவாசலில் ஆர்டர் போடுகின்றன. இருப்பு ஒரு மென்பொருளில், கணக்கு இன்னொன்றில். எதற்கும் எதனோடும் தொடர்பில்லை. எல்லாவற்றையும் அண்ணிதான் இரவு பதினொரு மணிவரை மறுபடி தட்டச்சு செய்கிறார். போன வாரம் ஒரு விலைப்பட்டியலில் பொருள் சேவை வரி 9 விழுக்காட்டுக்குப் பதில், 2023இல் இருந்த 8 விழுக்காடு விழுந்துவிட்டது. அவர் கண்கலங்கியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆர்டர் உறுதியானதும் இருப்பு குறைய வேண்டும். விலைப்பட்டியல் தானாக உருவாகி, சிங்கப்பூரின் மின்-விலைப்பட்டியல் கட்டமைப்பான இன்வாய்ஸ்நவ் வழியே வாடிக்கையாளரின் கணக்கு மென்பொருளுக்கே போய்ச்சேர வேண்டும். ஏபிஐ (மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் இடைமுகம்) மூலம் நேரடியாக இணைப்பதா, நடுவில் ஓர் இணைப்பு மென்பொருள் வைப்பதா? செய்துபார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். முக்கியமாக, உறுதியான ஆர்டரை உணவகம் பிறகு திருத்தினால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?