ஸ்டென்ட் வைத்த பிறகும் தணியாத பதற்றம்: டிஎஸ்14 படிவம் உதவுமா?

கேள்வி (இதயப் புனர்வாழ்வு, பிசியோ)
ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்த பலருக்குச் சில வாரங்களில் பயம் தெளிந்துவிடுகிறது. சிலர் மட்டும் ஆறு மாதம் கழித்தும் நெஞ்சில் சுருக்கென்றால் ஈசிஜி எடுக்க ஓடுகிறார்கள். ரிப்போர்ட்டில் குறை இல்லை. இவர்களை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா? குணத்தை அளக்கும் டிஎஸ்14 கேள்விப் படிவத்தின் மதிப்பெண்ணை எப்படிப் பார்க்க வேண்டும்?

மருத்துவ உளவியல்
நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் யோஹான் டெனோலெட் 2005-ல் வெளியிட்ட படிவம் அது. 14 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. ஏழு வாக்கியங்கள் ஓயாத கவலை, எரிச்சல், சோர்வு பற்றியவை. மற்ற ஏழும் பிறரிடம் மனம்விட்டுப் பேசத் தயங்குவது பற்றியவை. இரண்டிலும் தனித்தனியே 10 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் ‘டைப் டி’ என்ற குணவகை. பலர் மொத்தமாகக் கூட்டிவிடுகிறார்கள், அது தவறு. 18-ம் 4-ம் வாங்கியவர் டைப் டி இல்லை.

இது குணத்தைத்தான் அளக்கும். இன்றைய பதற்றத்துக்கு ஹெச்ஏடிஎஸ் (பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும்) படிவத்தின் பதற்றப் பகுதியைப் போடுங்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பேச வேண்டும். வார்டில் எல்லோருக்குமே பயம் இருக்கும், எனவே நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி எடுங்கள்.

டைப் டி ஆட்களிடம் “எப்படி இருக்கீங்க?” என்றால் “நல்லா இருக்கேன்” என்பதோடு முடிந்துவிடும். “ராத்திரி தனியாப் படுக்கிறீங்களா? மாடிப்படி ஏறுறதை விட்டுட்டீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாடி பார்க்கிறீங்க?” என்று கேளுங்கள். முடிந்தால் வீட்டாரையும் வைத்துக்கொண்டு.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குணத்தால் இறப்பு கூடும் என்று 1990-களின் ஆய்வுகள் சொன்னதைப் பிந்தைய பெரிய ஆய்வுகள் சில உறுதிசெய்யவில்லை. நோயாளியிடம் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

இதய மருத்துவம்
பதற்றம் என்று முடிவுகட்டும் முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் டிக்காக்ரெலரே மூச்சுத் திணறல் தரும். 2009-ல் வந்த பிளேட்டோ ஆய்வில் அதை எடுத்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கு இந்தத் திணறல் வந்தது, அதே வேலைக்கான குளோபிடோக்ரெலில் 8 சதவீதம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே காற்று போதாததுபோல் இருக்கும், ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும். ஆனால் அவராக மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறையலாம். மாற்றுவதாக இருந்தால் மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

நடந்தால் வந்து நின்றால் அடங்கும் இறுக்கம் என்றால் மறு அடைப்பைத் தேடுங்கள். வியர்வையோடு நீடிக்கும் வலியை, படிவத்தில் என்ன மதிப்பெண் இருந்தாலும், அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

பிசியோ (கேட்டவர்)
நன்றி, கூட்டும் தவறு எங்கள் பக்கமும் நடக்கிறது. நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களிடம் நாடித்துடிப்பு இலக்கு ஏமாற்றும் என்பதால் போர்க் அளவுகோலில் (எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே 6 முதல் 20 வரை எண் சொல்வது) 11–13 வைத்து நடக்கவிடுகிறோம். துடிப்பு கூடினாலும் ஆபத்தில்லை என்பதை உடம்பே பழக வேண்டும். டைப் டி ஆட்கள் சொல்லாமலே வகுப்புக்கு வராமல் நின்றுவிடுவார்கள், ஆகவே முதல் வகுப்பு தவறியதுமே போன் போடுவது நல்லது. தூக்கத்துக்கு அல்பிரசோலம் (பதற்றம் தணிக்கும் மாத்திரை) கேட்டால்?

மருந்தியல்
பழக்கமாகிவிடும், நிறுத்தினால் பதற்றம் இன்னும் கூடுதலாகத் திரும்பும். நீடிக்கும் பதற்றத்துக்குப் பேச்சு சிகிச்சை முதலில். மாத்திரை தேவையென்றால் பெரும்பாலும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் செர்ட்ராலின். மாரடைப்புக்குப் பின் அதன் பாதுகாப்பை 2002-லேயே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு சேரும்போது ரத்தக்கசிவைக் கவனியுங்கள்: ஈறு, கறுப்பு மலம். அதே வகை மாத்திரைகளான ஃப்ளூவாக்ஸமைன், ஃப்ளூவாக்ஸடின் இரண்டும் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கக்கூடியவை, அந்தக் கூட்டைத் தவிருங்கள்.