லிமிங்டனில் நிற்கும் கான்டெஸா 32: புரோக்கரிடம் கொடுப்பதா, நாமே விற்பதா?

சொலன்ட்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். 1978இல் கட்டிய என் கான்டெஸா 32 பாய்ப்படகை விற்க வேண்டியிருக்கிறது. வேலை வட இங்கிலாந்தின் லீட்ஸுக்கு மாறுகிறது, அங்கிருந்து வாராவாரம் தென்கரைக்கு வர முடியாது, இப்படி ஒரு படகை மரீனாவில் (படகுத்துறையில்) கட்டிப்போட்டுப் பாசி பிடிக்க விடவும் மனம் வரவில்லை. நிற்பது லிமிங்டனில், ஜெரமி ராஜர்ஸ் பட்டறையில் அது உருவான அதே ஊர். மாஸ்டை (பாய்மரத்தை) இழுத்துப் பிடிக்கும் ரிக்கிங் கம்பிகள் எல்லாம் 2019இல் மாற்றியவை, பீட்டா 20 டீசல் இன்ஜின் வருஷா வருஷம் சர்வீஸ் ஆனது, மெயின் பாய் கிட்டத்தட்ட புதுசு, பில் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறது.

ஒரு புரோக்கர் 8 சதவீதமும் அதன் மேல் வாட் வரியும் கேட்கிறார். நாமே விற்றால் அது மிச்சம்தானே? இன்ஜினுக்கும் பாய்க்கும் போட்ட காசில் எவ்வளவை விலையில் ஏற்றலாம்? அப்புறம் ஹாலந்திலிருந்து ஒருவர் விசாரித்திருக்கிறார், அவருக்கு விற்பதில் சிக்கல் ஏதும் உண்டா? விலையை விட, கடலுக்குக் கொண்டுபோகிற கையில் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் என் ஆசை.

பழைய_டில்லர்:

தம்பி, செலவழித்ததைக் கூட்டி விலை போடாதீர்கள். புது இன்ஜினுக்குக் கொடுத்த காசு முழுதாக எந்தப் படகிலும் திரும்பி வந்ததில்லை. ஆனால் இரண்டு கான்டெஸா பக்கத்துப் பக்கத்தில் விற்பனைக்கு நின்றால் உங்களுடையதுதான் முதலில் போகும், பேரத்திலும் விலை ரொம்ப இறங்காது, அந்தச் செலவின் பலன் அதுதான். வருகிறவர் முதலில் கேட்பதே ரிக்கிங் எந்த வருஷம் என்றுதான், ஏனென்றால் கம்பிகள் பத்து வருஷம் தாண்டினால் மாஸ்ட் விஷயத்தில் நிபந்தனை போடுகிற இன்சூரன்ஸ் கம்பெனிகள் நிறைய. உங்களிடம் பில் இருக்கிறதே, அதை விளம்பரத்தின் மேலேயே போடுங்கள்.

படகைக் காலி செய்யுங்கள். பழைய கயிறு, பாதி டப்பா பெயின்ட், ஈரமான லைஃப்ஜாக்கெட், எல்லாம் வீட்டுக்குப் போகட்டும். லாக்கர் காலியாக இருந்தால்தான் வருகிறவர் உள்ளே தலையை விட்டு ஹல்லை (படகின் உடலை) பார்க்க முடியும், பார்க்க முடிந்தால்தான் நம்புவார். பில்ஜை, அதாவது தண்ணீர் தேங்கும் அடிக்குழியை, துடைத்துக் காய வையுங்கள், கேபின் கதவைத் திறந்ததும் டீசல் வாடையும் பூஞ்சை வாடையும் வந்தால் அப்புறம் நீங்கள் சொல்கிற எதுவும் காதில் ஏறாது. படம் எடுக்கும்போது சூரியாஸ்தமனம் வேண்டாம், இன்ஜின், பில்ஜ், ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் உள்ள ஒயர்கள், தண்ணீரை விட்டு மேலே தூக்கியபோது அடியில் உள்ள கனத்த கீலும் சுக்கானும், இவைதான் வேண்டும்.

1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் போட்டி பற்றி விளம்பரத்தில் நீட்டி எழுத வேண்டியதில்லை. 303 படகுகள் கிளம்பி, புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்துபோன அந்தப் போட்டியில் மிகச் சிறிய படகுகளின் பிரிவில் கரைசேர்ந்து முடித்த ஒரே படகு அசென்ட் என்ற கான்டெஸா 32தான் என்பது இதைத் தேடி வருகிறவருக்கு மனப்பாடம். குறைகளைத்தான் எழுதவேண்டும். அகலம் ஒன்பதரை அடிதான், இன்றைய 32 அடிப் படகின் இடவசதி உள்ளே கிடையாது, எதிர்க்காற்றில் நன்றாக நனைய வைக்கும். குழந்தைகளோடு தங்க இடம் தேடுகிறவர் இவ்வளவு தூரம் வந்து ஏமாறுவதில் யாருக்கும் லாபமில்லை.

கடல்நாய்க்குட்டி:

காகித விஷயம் நான் சொல்கிறேன் அண்ணா, நல்ல படகுகளும் தடுக்கி நிற்பது இங்கேதான்.

உங்கள் பதிவு எது? பிரிட்டிஷ் பதிவேட்டில் சிறு படகுகளுக்கான எளிய பிரிவான ஸ்மால் ஷிப்ஸ் ரெஜிஸ்டர் என்றால் அது உடைமைக்குச் சான்று ஆகாது, விற்றதும் அந்தப் பதிவும் முடிந்துவிடும். உடைமையையே பதிகிற பார்ட் 1 என்றால் படகு 64 பங்குகளாகப் பதிவாகியிருக்கும், கடன் இருந்தால் அதுவும் அங்கேயே பதிவாகியிருக்கும், 64 பங்கும் உங்கள் பெயரில்தானா என்று இப்போதே பாருங்கள். எதுவானாலும் பழைய உரிமையாளர்களின் விற்பனைப் பத்திரங்களை, பில் ஆஃப் சேல், ஒன்று விடாமல் வரிசையாக அடுக்குங்கள்.

வாட் ரசீது 1978க்கு எங்கே போவது என்று பயப்பட வேண்டாம். 1985க்கு முன்பே பயன்பாட்டில் இருந்து, 1992 டிசம்பர் 31 அன்று ஐரோப்பிய எல்லைக்குள் இருந்த படகுக்கு வரி கட்டியதாகவே கொள்வார்கள், அந்த நாளை ஒட்டிய ஒரு மரீனா ரசீதோ பதிவுத்தாளோ இருந்தால் தங்கம். 1998 ஜூன் 16க்கு முந்தைய படகு என்பதால் ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்துக்கான சி.இ. குறியும் இங்கே கேட்க மாட்டார்கள். ஹாலந்துக்காரர் கதை வேறு. 2020 டிசம்பர் 31 இரவு பிரிட்டனில் நின்ற படகுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி கட்டிய தகுதி போய்விட்டது. அவர் கொண்டுபோனால் அங்கே இறக்குமதி வாட் கட்ட நேரும், அதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

காசு வங்கியில் உறுதியாகச் சேராமல் சாவியோ பத்திரமோ கை மாறக்கூடாது. பார்க்காமலே வாங்குகிறேன், கூடுதலாக ஒரு தொகை அனுப்புகிறேன், மிச்சத்தை என் ஷிப்பிங் ஏஜெண்டுக்குக் கொடுங்கள் என்று எழுதுகிறவன் திருடன், பதிலே போடாதீர்கள்.

மேற்குக்கரை:

நான் புரோக்கர் பக்கம். லீட்ஸிலிருந்து லிமிங்டன் கிட்டத்தட்ட 250 மைல். செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவர் பார்க்க வருகிறேன் என்றால் யார் திறந்து காட்டுவது? லீட்ஸ் போகிற வரை நீங்களே முயலுங்கள், வசந்த காலம் வாங்குகிறவர்கள் சுற்றிவருகிற நேரம். அதற்குள் போகவில்லையென்றால் கொடுத்துவிடுங்கள், காலியாக நிற்கும் ஒவ்வொரு மாதமும் நிறுத்துக்கட்டணம் அந்த 8 சதவீதத்தைத் தின்னும். மரீனா ஒப்பந்தத்தையும் படியுங்கள், அவர்கள் இடத்தில் நின்றபடி விற்றால் கட்டணம் கேட்பவர்கள் உண்டு.

நீங்களே விற்றாலும் பிரிட்டிஷ் படகோட்டிகள் சங்கமான ஆர்.ஒய்.ஏ.வின் மாதிரி ஒப்பந்தத்தைப் போட்டு, 10 சதவீதம் முன்பணம் வாங்கி, சர்வேக்கு (நிபுணரின் படகுப் பரிசோதனைக்கு) விடுங்கள். சர்வேயரையும் கிரேன் செலவையும் வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார். எழுபதுகளின் ஃபைபர் ஹல், ஈரமானி எங்கேயாவது உயரக் காட்டத்தான் செய்யும், உங்களுக்குத் தெரிந்த கசிவு, பழைய ஆஸ்மோசிஸ் (ஃபைபரில் நீர் ஊறிக் கொப்புளிப்பது) வேலை எல்லாவற்றையும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் அறிக்கை வந்த பிறகு அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்ல முடியாது.

சொலன்ட்காற்று:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பார்ட் 1 பதிவுதான், 64 பங்கும் என் பெயரில் இருக்கிறது. ஹாலந்துக்காரருக்கு இன்றே எழுதுகிறேன். மே முடியும் வரை நானே முயல்கிறேன், பிறகு புரோக்கர். ரப்பர் டிங்கியையும் (கரைக்குப் போய்வரும் சின்னப் படகு) அதன் அவுட்போர்டு மோட்டாரையும் சேர்த்தே கொடுக்கலாமா?

பழைய_டில்லர்:

தனியாக வைத்திருங்கள் தம்பி. பேரம் கடைசியில் ஐந்நூறு பவுண்டில் முட்டிக்கொண்டு நிற்கும்போது விலையைத் தொடாமல் டிங்கியைச் சேர்த்துவிடலாம். ஆபத்தில் சிக்னல் அனுப்பும் ஈபிர்ப் கருவியைப் படகோடு கொடுத்தால் பதிவை அன்றே மாற்றச் சொல்லுங்கள், மாற்றாமல் விட்டால் அவர் ஆபத்தில் மாட்டும்போது கோஸ்ட்கார்ட் உங்களுக்குத்தான் போன் செய்வார்கள்.